கேமரா வாங்கிவிட்டீர்களா? பணப்பையை இன்னும் மூடாதீர்கள்

உறவினர், நண்பர் வீட்டு விசேஷங்களில் வார இறுதி தோறும் படம் எடுப்பவன் நான். அதனால் ஆண்டு இறுதி போனஸ் கைக்கு வந்ததும் பலருக்கு என் ஞாபகம் வந்துவிடும். "அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்பார்கள். எந்த நிறுவனம், எத்தனை மெகாபிக்சல், எந்த லென்ஸ் என்று ஒரு மணி நேரம் பேசுவோம். வாங்கிய மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "கடையில பை, தொடைக்கிற துணி, மெமரி கார்டு எல்லாம் இலவசமா குடுத்துட்டாங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்தானே?"

வேண்டும். இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று நல்ல பிளாஷ். மற்றொன்று நம்பகமான மெமரி கார்டு. கேமராவுக்காக வாரக்கணக்கில் அலசி ஆராய்கிறவர்கள், இந்த இரண்டையும் கல்லாவில் நிற்கும்போது போகிற போக்கில் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் நம் வீட்டு விசேஷங்களில் முகம் தெளிவாகத் தெரிவதும், எடுத்த படம் வீடு வந்து சேர்வதும் இந்த இரண்டின் கையில்தான் இருக்கிறது. கேமராவில் ஒரு படி இறங்கி வாங்கினாலும் பரவாயில்லை, மிச்சப்படும் பணத்தை இவற்றில் போடுங்கள் என்பதே பல ஆண்டுகளாக நான் சொல்லி வருவது. அதற்கான காரணங்களைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

இருட்டில் படம் வருகிறதே, பிளாஷ் எதற்கு?

இளைஞர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. இன்றைய கேமராக்கள் குறைந்த வெளிச்சத்திலும் படம் எடுக்கின்றன. கைப்பேசியே இரவுக் காட்சியை நன்றாகக் காட்டுகிறது. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் உள்ளமைந்த பிளாஷே கிடையாது.

வெளிச்சத்தின் அளவு மட்டும் போதாது. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்பதும் முக்கியம். நம் திருமண மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஊதா, இளஞ்சிவப்பு எல்இடி விளக்குகள். தலைக்கு நேர்மேலே சிறிய கூரை விளக்குகள். அவற்றின் வெளிச்சம் நெற்றியிலும் மூக்கிலும் விழுந்து, கண்குழியை இருட்டாக்கிவிடும். கேமராவின் ஐஎஸ்ஓவை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த இருட்டு கண்ணை விட்டுப் போகாது. மணப்பெண்ணின் பட்டுப்புடவை என்ன நிறம் என்பதே பிறகு விவாதப் பொருளாகிவிடும்.

சரி, கேமராவிலேயே எழும்பி நிற்கும் குட்டி பிளாஷ் இருக்கிறதே என்றால், அதில் வேறு சங்கடங்கள். அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், ஒளி நேராகக் கண்ணுக்குள் போய் விழித்திரையில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வருகிறது. படங்களில் கண் சிவப்பாகத் தெரிவது இதனால்தான். நேருக்கு நேர் வரும் ஒளி முகத்தின் மேடு பள்ளங்களையும் தட்டையாக்கிவிடும். வியர்வை பளபளக்கும். பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு எண்ணைப் புரிந்துகொண்டால் போதும்

பிளாஷின் பெட்டியில் 'கைடு நம்பர்' என்று ஓர் எண் இருக்கும். பிளாஷின் வலிமை எவ்வளவு என்பதை அது சொல்கிறது. கணக்கு எளிது. அந்த எண்ணை லென்ஸின் எஃப் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100இல் எத்தனை மீட்டர் தூரம் வரை ஒளி போதுமானதாக இருக்கும் என்பது கிடைக்கும்.

கேமராவின் உள்ளமைந்த பிளாஷுக்குக் கைடு நம்பர் 12 என்று வைத்துக்கொள்வோம். எஃப்4இல் 3 மீட்டர். கேமராவுடன் வரும் சாதாரண லென்ஸைப் பெரிதாக்கினால் எஃப்5.6 ஆகிவிடும். அப்போது 2 மீட்டர் சொச்சம்தான். மேடையில் 20 பேர் குடும்பமாக நிற்கும்போது, எல்லாரையும் படத்துக்குள் கொண்டுவர நீங்கள் குறைந்தது 4 அல்லது 5 மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும். ஓரத்தில் நிற்கும் பெரியப்பா ஏன் இருளில் மறைந்தார் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஐஎஸ்ஓவை 400க்கு உயர்த்தினால் அந்தத் தூரம் இரு மடங்காகும். 1600க்கு உயர்த்தினால் நான்கு மடங்கு. அதற்கு மேல் பெரிய ஆசை வேண்டாம். தூரம் இரட்டிப்பானால் ஒளி கால் பங்காகக் குறைந்துவிடும் என்பது இயற்கையின் விதி.

பத்துமலையில் இதை ஒவ்வொரு தைப்பூச இரவிலும் பார்க்கலாம். அடிவாரத்தில் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். 2006இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையை நோக்கிக் கூட்டத்தில் இருந்து நூற்றுக்கணக்கான குட்டி பிளாஷ்கள் மின்னும். ஐஎஸ்ஓ 1600இலும் அவற்றின் எல்லை ஏறத்தாழ 12 மீட்டர்தான். முருகன் மேல் அந்த ஒளி படுவதே இல்லை, முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் பிளாஷை அணைத்துவிட்டு, சிலையின் மேல் படும் விளக்கொளியிலேயே எடுப்பதுதான் சரி.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெட்டியில் போடும் கைடு நம்பர் பெரும்பாலும் பிளாஷின் தலையைத் தொலைதூர ஜூமுக்கு ஒடுக்கி வைத்து அளந்தது. எடுத்துக்காட்டாக, கேனானின் 430இஎக்ஸ் என்ற பெயரில் உள்ள 43 என்பது 105 மில்லிமீட்டர் ஜூமில் கிடைக்கும் எண். அகலமான காட்சிக்கு ஒளியை விரித்தால் அந்த எண் கணிசமாகக் குறையும். இரண்டு பிளாஷ்களை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே ஜூம் அளவில் அளக்கப்பட்டவைதானா என்று கேளுங்கள்.

தலை திரும்ப வேண்டும்

வெளி பிளாஷ் வாங்குவதன் முழுப் பயனும் அதன் கழுத்தில் இருக்கிறது. தலையை மேலே உயர்த்தவும், இடம் வலமாகத் திருப்பவும் முடிய வேண்டும். விலை மலிவு என்று மேலே மட்டும் தூக்கக்கூடியதை வாங்காதீர்கள். கேமராவை நெடுக்காகப் பிடித்ததும் அந்த ஒளி கூரைக்குப் போகாமல் பக்கவாட்டில் போய்விடும்.

வெள்ளைக் கூரையை நோக்கி பிளாஷைத் திருப்பினால், கூரையே பெரிய விளக்காக மாறி மென்மையான ஒளியைக் கீழே இறக்கும். நேர் மேலே திருப்புவதைவிடச் சற்றுப் பின்பக்கமாகவோ பக்கச் சுவரை நோக்கியோ திருப்பினால் முகத்துக்கு இன்னும் நல்லது. கண்குழி இருட்டு குறையும், பின்சுவர் நிழல் மறையும். தங்க நகை கண்ணைக் கூசாமல் அதன் வேலைப்பாட்டைக் காட்டும். எதிரில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வதும் குறையும்.

இதற்கு வலிமை வேண்டும். ஒளி கூரைக்குப் போய்த் திரும்புவதால் கடக்கும் தூரம் கூடுகிறது. கூரையும் கொஞ்சத்தை விழுங்கிக்கொள்கிறது. ஆகவே விசேஷங்களுக்கு வாங்குபவர்கள் கைடு நம்பர் 30க்குக் குறையாத பிளாஷாகப் பார்ப்பது நல்லது. வீட்டில் குழந்தையைப் படம் எடுக்க மட்டும்தான் என்றால் 20க்குச் சற்று மேலே இருந்தாலே போதும். வீட்டுக் கூரை தாழ்வாக இருப்பது அங்கே கைகொடுக்கும்.

எல்லா இடத்திலும் கூரை உதவாது. வீட்டு வாசலில் போடும் கூடாரத்தின் மேல்துணி மஞ்சளும் சிவப்புமாக இருந்தால், திரும்பி வரும் ஒளியும் அந்த நிறத்திலேயே வந்து முகத்தில் அப்பிக்கொள்ளும். அப்போது வெள்ளைச் சுவரைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் பிளாஷின் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பட்டையால் கட்டி ஒளியை முன்னால் கொண்டுவரலாம். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் விசேஷம் நடத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தாழ்வான, வெளிறிய கூரை இதற்கென்றே கட்டியது போல இருக்கும். பத்துமலையின் 272 படிகளை ஏறிக் குகைக்குள் போய்விட்டால் கதை வேறு. அங்கே கூரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே அனுப்பிய ஒளி திரும்பி வராது. பலர் பிளாஷின் தலையில் மாட்டியிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியும் அங்கே பேட்டரியைக் குடிப்பதற்குத்தான் பயன்படும். அது வேலை செய்யச் சுற்றிலும் சுவர் வேண்டும்.

நம் நிறம், நம் உடை

இந்தப் பகுதியைக் குறிப்பாக நம்மவர்களுக்காக எழுதுகிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை. அவரைச் சுற்றி அதே வெள்ளையில் பங்காளிகள். முகங்களோ மாநிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரை. 'டிடிஎல்' எனப்படும் தானியங்கி முறையில், பிளாஷ் முதலில் ஒரு சிறு மின்னலை விட்டு, லென்ஸ் வழியாகத் திரும்பி வரும் ஒளியை அளந்து, பிறகு தேவையான வலிமையை முடிவு செய்கிறது. அத்தனை வெள்ளைத் துணியைப் பார்த்ததும் ஒளி அதிகமாகிவிட்டது என்று எண்ணி, வலிமையைக் குறைத்துவிடும். துணி சாம்பல் நிறமாகும், முகங்கள் இருண்டுவிடும்.

அதனால்தான் பல வீட்டு ஆல்பங்களில் தாத்தாவின் முகம் சட்டைக் காலருக்கு மேல் ஒரு நிழலாக மட்டும் நிற்கிறது. நேர்மாறாக, அடர்நிறப் பட்டும் இருண்ட பின்னணியும் படத்தை நிறைத்தால் கருவி ஒளியைக் கூட்டிவிடும். மணப்பெண்ணின் முகம் மாவு பூசியது போல் வெளுத்துப்போகும். பிறகு "மேக்கப் சரியில்லை" என்று ஒப்பனைக்காரர் மேல் பழி விழும்.

தீர்வு ஒரே ஒரு பொத்தான்தான். பிளாஷிலோ கேமராவிலோ 'பிளாஷ் காம்பன்சேஷன்' என்று ஒரு வசதி இருக்கும். வெள்ளை உடைக் கூட்டத்துக்கு அதைக் கூட்டல் 1 பக்கம் நகர்த்துங்கள். இருண்ட பின்னணியில் தனி ஆளுக்குக் கழித்தல் பக்கம். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். முகம் சரியாக இருந்தால் துணி கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் பாதகமில்லை. பிளாஷ் வாங்கும்போது இந்தப் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குத்துவிளக்கு, ஆரத்தி, ஹோமம் போன்றவற்றுக்கு இன்னொரு குறிப்பு. பிளாஷின் ஒளி பகல் வெளிச்சத்தைப் போல வெண்மையானது. விளக்கின் சுடரோ பொன்னிறம். பிளாஷை முழு வலிமையில் அடித்தால் சுடரின் அழகு போய்விடும். ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600க்கு உயர்த்தி, ஷட்டர் வேகத்தை 1/60 அளவுக்கு இறக்கி, பிளாஷைக் குறைவாகச் சேருங்கள். பிளாஷின் முகத்தில் மெல்லிய ஆரஞ்சு நிற ஜெல் தாள் ஒன்றை ஒட்டினால் இரண்டு ஒளியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மலிவான பொருள், ஆனால் பலன் பெரிது.

பொருந்துமா என்று பாருங்கள்

பிளாஷ் மாட்டும் இடம் எல்லாக் கேமராவிலும் ஒன்று போலத் தோன்றும். உள்ளே உள்ள மின்முனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கேனானுக்கான பிளாஷை நிக்கானில் மாட்டினால் மின்னக்கூடும், ஆனால் தானியங்கி அளவீடு வேலை செய்யாது. கோடாக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே மாடலைப் பல கேமராக்களுக்காகத் தயாரித்து, பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்க்கின்றன. சி என்றால் கேனான், என் என்றால் நிக்கான், எஸ் என்றால் சோனி, எஃப் என்றால் ஃபுஜி. அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

சில கேமராக்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. கேனானின் 1500டி, 3000டி, 200டி 2 ஆகியவற்றில் நடு மின்முனையே கிடையாது. நடுமுனையை மட்டும் நம்பி இயங்கும் எளிய பிளாஷ்கள் அவற்றில் மின்னாது. சோனி 2012இல் தன் பொருத்தியையே மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய பிளாஷை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் இடைப்பொருத்தி இல்லாமல் புதிய கேமராவில் ஏறாது. அப்பாவின் பிலிம் கேமராவோடு பெட்டியில் கிடக்கும் பழைய பிளாஷை எடுத்து மாட்ட ஆசை வரலாம். வேண்டாம். அந்தக் காலத்துப் பிளாஷ்கள் சிலவற்றின் மின்முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இன்றைய கேமராவின் மின்சுற்று அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

பகல் வெயிலில் காவடி எடுப்பவர்களைப் படம் பிடிக்க விரும்பினால் 'ஹை ஸ்பீட் சிங்க்' என்ற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணமாக பிளாஷுடன் ஷட்டர் வேகத்தை 1/200 அல்லது 1/250க்கு மேல் கொண்டுபோக முடியாது. உச்சி வெயிலில் அது போதாது. இந்த வசதி இருந்தால், மயில் தோகை வளைவின் நிழலில் மறையும் முகத்துக்கு நடுப்பகலிலும் கொஞ்சம் ஒளி சேர்க்கலாம்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு ஏஏ பேட்டரி போடும் பிளாஷ் என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண ஆல்கலைனைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை மேல். மின்னியபின் மறு மின்னலுக்கு அது விரைவாகத் தயாராகும். இரண்டு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பிளாஷ் இன்னும் வேகம், ஆனால் விலையும் கூடுதல். நம் ஊர் ஈரப்பதத்தில் பேட்டரியை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் கசிந்து உட்புறத்தை அரித்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

தபால்தலை அளவில் ஒரு பெட்டகம்

இனி மெமரி கார்டு. பிளாஷ் சரியில்லை என்றால் படம் சுமாராக வரும். கார்டு சரியில்லை என்றால் படமே இராது.

பெரும்பாலான கேமராக்கள் எஸ்டி கார்டைப் பயன்படுத்துகின்றன. சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999இல் அறிமுகப்படுத்திய வடிவம் இது. 2 ஜிபி வரை எஸ்டி, அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கும் மேல் 2 டெராபைட் வரை எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. பழைய கேமரா எஸ்டிஎச்சி வரை மட்டுமே ஏற்குமானால் 64 ஜிபி கார்டை அது படிக்காது. பழைய குட்டிக் கேமராக்களைத் தேடி வாங்கும் இளைஞர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கார்டின் மேல் ஒரு கோலம் போல எண்களும் எழுத்துகளும் இருக்கும். பெரிதாக அச்சிட்ட 170, 200 போன்ற எண் பெரும்பாலும் கார்டிலிருந்து கணினிக்குப் படிக்கும் உச்ச வேகம். கேமரா அதில் எழுதும் வேகம் வேறு, அது குறைவாகவே இருக்கும். நமக்கு வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கிறது. வட்டமான சி எழுத்துக்குள் 10 என்றால், நொடிக்குக் குறைந்தது 10 எம்பி வேகத்தில் தொடர்ந்து எழுதும். யு எழுத்துக்குள் 1 என்றாலும் அதே 10. யு எழுத்துக்குள் 3 என்றால் 30. வி30 என்றாலும் 30, வி60 என்றால் 60, வி90 என்றால் 90.

உங்கள் தேவை எது? கேமரா 4கே காணொளியை நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவதாக வைத்துக்கொள்வோம். அது 12.5 எம்பிதான். வி30 கார்டு தாராளம். அசையாப் படத்துக்கும் அதுவே போதும். விளையாட்டு, பறவை, நடனம் என்று நொடிக்குப் பல படங்கள் தொடர்ந்து எடுப்பவர்களும், கனமான காணொளி பதிவு செய்பவர்களும்தான் வி60, வி90 பக்கம் போக வேண்டும். அந்த வேகக் கார்டுகள் யுஎச்எஸ்-2 வகை. பின்பக்கத்தில் இரண்டாவது வரிசையாக மின்முனைகள் இருக்கும். உங்கள் கேமரா யுஎச்எஸ்-1 வகை என்றால் அந்தக் கார்டு அதில் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். கூடுதல் பணம் வீண்.

எவ்வளவு கொள்ளளவு? 24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரமான ஜேபெக் படம் ஒன்று சுமார் 10 எம்பி. 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 6,000 படங்கள். திருத்துவதற்கு ஏற்ற 'ரா' கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 2,000. மேலே சொன்ன 4கே காணொளி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி கேட்கும். குடும்ப விசேஷத்துக்கு 256 ஜிபியில் ஒரே கார்டு வைத்திருப்பதைவிட 64 ஜிபியில் மூன்று வைத்திருப்பதையே நான் விரும்புவேன். நலுங்கு ஒன்றில், தாலி கட்டு ஒன்றில், வரவேற்பு ஒன்றில். ஒன்று தொலைந்தாலும் கல்யாணம் முழுவதும் தொலையாது. கேமராவில் இரண்டு கார்டு இடம் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். கைப்பேசியின் மைக்ரோ எஸ்டி கார்டை உறையில் செருகிக் கேமராவில் போடுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் பழக்கமாக வேண்டாம். பழுதாக இன்னும் ஓர் இணைப்பு சேருகிறது.

128 என்று எழுதியிருந்தது

உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்று. படம் எடுத்தவர் கல்லூரியில் படிக்கும் தம்பி. நல்ல கை. இணையத்தில் யாரோ ஒரு விற்பனையாளரிடம், பேர்பெற்ற நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட 128 ஜிபி கார்டு ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கியிருந்தார். கேமராவில் போட்டதும் 128 என்றே காட்டியது. நாள் முழுக்க எடுத்தார். கேமராத் திரையில் ஒரு குறையும் தெரியவில்லை.

இரவு கணினியில் பார்த்தபோது முதல் 400 படங்கள் வரை திறந்தன. அதற்குப் பிறகு கோப்பின் பெயர் இருக்கிறது, படம் இல்லை. சாம்பல் நிறக் கட்டம்தான். அந்தக் கார்டின் உண்மையான கொள்ளளவு 16 ஜிபி. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்ததும் காது குத்தியதும் அந்தச் சாம்பல் கட்டங்களில் போய்விட்டன. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அழைத்துவரப்பட்ட கொள்ளுப்பாட்டி குழந்தையைத் தூக்கியதும் அதில்தான் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாட்டி காலமானார். பணத்தைத் திருப்பித் தருவதாக விற்பனையாளர் சொன்னார். அந்தப் பணத்தை வாங்கி என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

போலிக் கார்டு ஏமாற்றும் விதம் இதுதான். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் நினைவகத்தை நிர்வகிக்கும் சிறு சில்லு உண்டு. அதன் மென்பொருளை மாற்றி, உள்ளதைவிடப் பல மடங்கு இடம் இருப்பதாகப் பொய் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு வரும் படங்கள் பழையவற்றின் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். கேமராவுக்கு அது தெரியாது. அச்சும் உறையும் அசலைப் போலவே இருப்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆனால் சோதிக்கலாம். விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் மற்றும் லினக்ஸ் கணினிக்கு எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவை கார்டு நிரம்பும் வரை தரவை எழுதி, மீண்டும் படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுச் சொல்லும். 64 ஜிபி கார்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கார்டை வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இதைச் செய்துவிடுங்கள். கேமராவோடு கடையில் இலவசமாகக் கொடுத்த கார்டுக்கும் இதே சோதனை வேண்டும்.

லோயாட் பிளாசாவானாலும் சிம் லிம் ஸ்குவேர் ஆனாலும் இரண்டு மூன்று கடை ஏறி விலை கேளுங்கள். எல்லாக் கடையும் ஒரு விலையைச் சுற்றியே சொல்லும்போது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாதி விலை என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இந்நாட்டு அதிகாரபூர்வ விநியோகிப்பாளரின் உத்தரவாத ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எடுத்த பிறகு

கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதற்கு முன் படங்கள் வேறு இரண்டு இடங்களில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இது கணினித் துறையில் பலரும் பின்பற்றும் பழைய விதி. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணைய மேகக் கிடங்கிலோ அண்ணன் வீட்டு வன்தட்டிலோ ஒன்று என்று வைத்தால் போதும். கார்டிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். மின்னூட்டமாகச் சேமிக்கப்படும் தரவு நீண்ட காலம் பயன்படுத்தாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியக்கூடும்.

யாராவது தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், முதல் காரியமாக அந்தக் கார்டில் மேற்கொண்டு படம் எடுப்பதை நிறுத்துங்கள். அழித்தல் என்பது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை நீக்குவதுதான். படத்தின் தரவு அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே இருக்கும். கார்டின் பக்கத்தில் உள்ள பூட்டுத் துண்டைக் கீழே தள்ளி, வெளியே எடுத்து, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்கப் பாருங்கள். பெரும்பகுதி கிடைக்க வாய்ப்பு உண்டு. போலிக் கார்டில் எழுதப்படாத படத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கையில் இருக்கும் பணத்துக்கு எந்த வரிசையில் வாங்குவது என்று கேட்டால், என் பதில் இது. முதலில் சோதித்துத் தேறிய 64 ஜிபி வி30 கார்டுகள் இரண்டு. அடுத்து தலை எல்லாப் பக்கமும் திரும்பும் பிளாஷ் ஒன்று, அதற்கு ரீசார்ஜ் பேட்டரி இரண்டு தொகுப்பு. பிறகு வன்தட்டு. இரண்டாவது லென்ஸ் எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

கோயிலுக்குள் பிளாஷ் பயன்படுத்தும் முன் நிர்வாகத்திடமோ குருக்களிடமோ அனுமதி கேளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். அருள் வந்து நிற்பவர்களின் முகத்துக்கு நேரே மின்ன விடாதீர்கள். நல்ல பிளாஷ் வைத்திருப்பவருக்கு அதை எப்போது அணைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிளாஷையும் கார்டையும் வாங்கியதும் விசேஷ நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவரை வரவேற்பறை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். பிளாஷைக் கூரைக்குத் திருப்பிப் பத்துப் படம் எடுங்கள். முகத்தின் சுருக்கமும் சிரிப்பும் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். கணினிக்கு மாற்றி, பிரதி எடுத்து, நன்றாக இருப்பதை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். கருவிக்கு அது சோதனை ஓட்டம். அவருக்கோ தன் முகம் சரியாக விழுந்த படம் ஒன்று கிடைக்கும். அப்படியொரு படம் இல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய பேர் இருக்கிறார்கள்.